ஒரே விளக்கில் முகப்படம்: முதலில் நூலில் முடிச்சுப் போடுங்கள்

புதிதாக ஸ்டுடியோ ஃபிளாஷ் வாங்கியவர்கள் முதலில் கேட்பது, "பவர் எவ்வளவு வைக்கணும்?" என்றுதான். பவரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நிழல் மென்மையாக விழுமா, பின்னணி எவ்வளவு இருளும், தோல் எவ்வளவு பளபளக்கும் என்ற மூன்றும் விளக்கு முகத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைப் பொறுத்தவை. அந்தத் தூரத்தைக் குத்துமதிப்பாக வைக்காமல் அளந்து வையுங்கள்.

அளக்க ஒரு நூல் போதும். இழுத்தால் நீளாத நூல், இரண்டரை மீட்டர். ஒரு முனையை, ஃபிளாஷின் முன் மாட்டும் துணிப் பெட்டியான சாஃப்ட்பாக்ஸின் முன்விளிம்பில் கட்டிவிட்டு, அங்கிருந்து 70 செ.மீ., 1 மீட்டர், 1.4 மீட்டர், 2 மீட்டர் என நான்கு முடிச்சுப் போடுங்கள். எண்களைப் பார்த்ததும் அப்பர்ச்சர் (லென்ஸ் துவாரத்தின் அளவு) வரிசை ஞாபகத்துக்கு வரும். இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான். தூரம் இரண்டு மடங்கானால் ஒளி கால் பங்காகிறது, அதாவது 2 ஸ்டாப் இறங்குகிறது (ஒளி பாதியாவதோ இரண்டு மடங்காவதோ 1 ஸ்டாப்). தூரம் 1.4 மடங்கானால் பாதியாகிறது, 1 ஸ்டாப். ஆக, ஒரு முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சுக்குப் போனால் 1 ஸ்டாப் மாறும். 1 மீட்டரில் எஃப் 8 சரியாக வந்ததென்றால், 70 செ.மீ. முடிச்சுக்கு இழுத்ததும் எஃப் 11, 1.4 மீட்டருக்குத் தள்ளியதும் எஃப் 5.6. அப்பர்ச்சரைத் தொட மனமில்லையென்றால் பவரை 1/4-இலிருந்து 1/8-க்கு இறக்குங்கள், அல்லது 1/2-க்கு ஏற்றுங்கள். அதுவும் அதே 1 ஸ்டாப்தான்.

ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கு புள்ளி போன்ற சின்ன விளக்குக்கு அச்சாகப் பொருந்தும். 90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸை முகத்துக்கு அரை மீட்டரில் வைத்தால் ஒளி கணக்கைவிடச் சற்று மெதுவாகத்தான் குறையும். அதனால்தான் முதல் முடிச்சு 70 செ.மீ.யில். அந்த இடத்திலும் சிறு பிசகு இருக்கும். ஒரு சோதனைப் படம் எடுத்தால் சரிசெய்துவிடலாம்.

கருவிகள்

ஒரு ஃபிளாஷ், 90 செ.மீ. அளவில் எண்கோணச் சாஃப்ட்பாக்ஸ், உறுதியான ஸ்டாண்ட், அதன் காலில் போட மணல் மூட்டை, ஒரு மீட்டர் உயரத்தில் வெள்ளைத் தெர்மோகோல் பலகை, அதே அளவில் கறுப்புத் துணி, முதுகுச் சாய்வில்லாத ஸ்டூல். முதுகு சாய இடமிருந்தால் தோள் சரிந்து கழுத்து உள்ளே போய்விடும், அதனால்தான் ஸ்டூல். மணல் மூட்டையை அலட்சியப்படுத்தாதீர்கள். சாஃப்ட்பாக்ஸ் மாட்டிய ஸ்டாண்டுக்கு எடையெல்லாம் உச்சியில் இருக்கும். ஸ்டாண்டின் மூன்று கால்களில் ஒன்று, பாக்ஸ் நீட்டிக்கொண்டிருக்கும் திசையிலேயே இருக்க வேண்டும்.

லென்ஸ் முழுச் சட்டகக் கேமராவில் 85 மி.மீ., சிறிய சென்சாரில் 50 முதல் 60 மி.மீ. கிட்டே போனால் மூக்கு பெருத்துக் காது சிறுத்துத் தெரிவதற்கு லென்ஸைக் குறை சொல்வார்கள். உண்மையில் அது கேமரா நிற்கும் தூரத்தின் வேலை. எந்த லென்ஸாக இருந்தாலும் ஒன்றரை மீட்டருக்கு உள்ளே போகாதீர்கள்.

கேமராவை அமைத்தல்

மேனுவல் மோடு, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125, அப்பர்ச்சர் எஃப் 8, படம் ரா (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) வடிவத்தில். ஃபிளாஷும் மேனுவலிலேயே இருக்கட்டும். டிடிஎல் (கேமராவே அளந்து ஃபிளாஷின் பவரை முடிவுசெய்யும் முறை) வைத்தால் கறுப்புச் சட்டைக்கு ஒரு அளவு, வெள்ளைச் சட்டைக்கு ஒரு அளவு என்று படத்துக்குப் படம் மாறிக்கொண்டே இருக்கும்.

முதல் படத்தை ஃபிளாஷை அணைத்துவிட்டு எடுங்கள். திரை முழுக்கக் கறுப்பாக வர வேண்டும். ஏதாவது தெரிந்தால் அறை விளக்கோ ஜன்னலோ படத்துக்குள் புகுகிறது என்று அர்த்தம். அதுதான் பின்னால் ஒரு கன்னத்தில் மஞ்சளாகத் தெரியப்போகிறது. அறை விளக்கை அணையுங்கள், ஜன்னல் திரையை இழுங்கள், அதற்கும் அடங்கவில்லையென்றால் ஷட்டரை 1/160-க்கு ஏற்றுங்கள். ஷட்டர் வேகத்தை மாற்றினாலும் ஃபிளாஷ் தரும் ஒளி மாறாது. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் ஒரு சிறு பகுதிக்குள் ஃபிளாஷ் மின்னி அடங்கிவிடும்.

ஆனால் ஷட்டரை இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது. பெரும்பாலான கேமராக்களில் சிங்க் வேகம் (ஃபிளாஷோடு ஒத்துப்போகும் உச்ச ஷட்டர் வேகம்) 1/160-க்கும் 1/250-க்கும் இடையில் இருக்கும். அதைத் தாண்டினால் ஃபிளாஷ் மின்னும் நேரத்தில் ஷட்டரின் இரண்டாவது திரை சென்சாரை மூடத் தொடங்கியிருக்கும். படத்தில் ஒரு கறுப்புப் பட்டை விழும். கேமராவை நட்டுக்குத்தலாகப் பிடித்து எடுக்கும்போது இந்தப் பட்டை இடது அல்லது வலது ஓரத்தில் வருவதால், பலர் அதைப் பின்னணியின் நிழல் என்று நினைத்து விளக்கை நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். ஓரம் கோடு போட்டதுபோல் நேராக இருந்தால் ஷட்டரைப் பாருங்கள். ஃபிளாஷைக் கம்பியில்லாமல் இயக்கும் விலை குறைந்த ரேடியோ ட்ரிக்கர்கள் கொஞ்சம் தாமதிப்பதால் 1/200-லேயே பட்டை வருவதும் உண்டு.

மிரர்லெஸ் கேமராவில் இன்னொரு சிக்கல். இந்த அமைப்புகளை வைத்ததும் வ்யூஃபைண்டர் இருட்டாகிவிடும். கேமரா பழுதில்லை. எக்ஸ்போஷரை முன்கூட்டிக் காட்டும் வசதியை மெனுவில் அணைத்துவிடுங்கள், முகம் தெரியும்.

விளக்கை முகத்தைச் சுற்றி நடத்துதல்

ஆளை ஸ்டூலில் உட்காரவைத்து, விளக்கைக் கேமராவுக்கு நேர் மேலே உயர்த்தி, முகத்தை நோக்கிக் கீழே சாய்த்து, 1 மீட்டர் முடிச்சில் நிறுத்துங்கள். மாடலிங் விளக்கை (நிழல் எங்கே விழும் என்று காட்ட ஃபிளாஷுக்குள்ளேயே தொடர்ந்து எரியும் விளக்கு) எரியவிடுங்கள். இப்போது உங்கள் கண் ஒரே ஒரு இடத்தைப் பார்க்க வேண்டும்: மூக்கின் நிழல்.

விளக்கு நேர் முன்னால் இருக்கும்போது மூக்குக்குக் கீழே சின்னதாக, இருபுறமும் சமமாக, சிறகு விரித்ததுபோல் ஒரு நிழல் விழும். இதுதான் பட்டர்ஃபிளை. கன்ன எலும்பு எடுப்பாக இருக்கும் முகங்களுக்கு அழகாக அமையும். நிழல் மேலுதட்டைத் தொட்டால் விளக்கு உயரம் அதிகம். நிழலே தெரியவில்லையென்றால் உயரம் போதாது, முகம் தட்டையாகத் தெரியும்.

ஸ்டாண்டை ஒரு பக்கமாக, முகத்திலிருந்து அதே 1 மீட்டர் வட்டத்தில், சுமார் 30 பாகை நகர்த்துங்கள். நூலின் முடிச்சு மூக்கைத் தொடும்படி பார்த்துக்கொண்டால் வட்டம் தவறாது, எக்ஸ்போஷரும் மாறாது. மூக்கின் நிழல் இப்போது வாயோரத்தை நோக்கிச் சாய்ந்து ஒரு சின்ன வளையமாக நிற்கும். லூப் என்பார்கள். எந்த முகத்துக்கும் பாதகம் செய்யாத ஒளி இது. முன்பின் தெரியாத ஒருவரைப் படம் எடுக்கும்போது இங்கிருந்தே தொடங்குங்கள்.

இன்னும் நகர்த்தி 45 பாகைக்கு மேல் போய், விளக்கையும் ஒரு சாண் உயர்த்தினால், மூக்கின் நிழல் கன்னத்தின் நிழலோடு போய்ச் சேரும். இருண்ட கன்னத்தில் கண்ணுக்குக் கீழே ஒரு முக்கோண வெளிச்சம் மட்டும் மிஞ்சும். 17-ஆம் நூற்றாண்டின் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் பெயரால் அழைக்கப்படும் ஒளி இதுதான். முக்கோணம் கண்ணைவிட அகலமாகவோ மூக்கைவிட நீளமாகவோ இருக்கக் கூடாது. அந்தப் பக்கத்துக் கண்ணிலும் ஒளிப்புள்ளி இருந்தாக வேண்டும்; இல்லையென்றால் முக்கோணம் எவ்வளவு அழகாக இருந்தாலும் படம் செத்துப்போகும். மூக்குத் தண்டு தாழ்ந்த முகங்களில் இரண்டு நிழலும் சேரவே சேராது. சேர்த்தே தீருவது என்று விளக்கை மேலும் பக்கவாட்டில் தள்ளினால் தூரத்துக் கண் இருண்டுவிடும். அத்தகைய முகத்துக்கு லூப்போடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

90 பாகைக்குப் போனால் பாதி முகம் வெளிச்சம், பாதி இருட்டு. ஸ்பிளிட். எப்போதாவது தேவைப்படும்.

கண்ணின் ஒளிப்புள்ளி கருவிழியைக் கடிகார முகமாக நினைத்தால் 10 மணி அல்லது 2 மணி இடத்தில் இருக்க வேண்டும். 12-ஐத் தாண்டி இமைக்குள் ஒளிந்துகொண்டால் விளக்கை இறக்குங்கள். கண்குழி ஆழமாக இருப்பவர்களுக்கு எல்லோருக்கும் வைக்கும் உயரத்தைவிட ஒரு சாண் தாழ்வாகவே வையுங்கள்.

முகத்தைச் சற்றே ஒரு பக்கம் திருப்பி உட்காரவைக்கும்போது, கேமராவுக்கு அகலமாகத் தெரியும் கன்னத்தில் ஒளி விழுகிறதா, குறுகலாகத் தெரியும் கன்னத்தில் விழுகிறதா என்று பாருங்கள். குறுகிய பக்கத்தில் விழுந்தால் முகம் மெலிந்து தெரியும். அகன்ற பக்கத்தில் விழுந்தால் முகம் பூரித்துத் தெரியும். ஒல்லியான முகத்துக்கு இரண்டாவது, வட்ட முகத்துக்கு முதலாவது.

முடிச்சை மாற்றினால் என்ன ஆகிறது

விளக்கை 70 செ.மீ.க்கு இழுத்துப் பவரை ஒரு ஸ்டாப் குறைத்து ஒரு படம். 2 மீட்டருக்குத் தள்ளிப் பவரை 2 ஸ்டாப் கூட்டி ஒரு படம். முகத்தின் வெளிச்சம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே என்றாலும், படங்கள் இரண்டும் வேறு வேறாக இருக்கும். எங்கே மாறியிருக்கிறது என்று வரிசையாகப் பாருங்கள்.

முதலில் நிழலின் ஓரம். முகத்துக்குக் கிட்டே இருக்கும் பாக்ஸ் முகத்தின் கண்ணோட்டத்தில் பெரிது, ஆகவே நிழல் ஓரம் மெல்லக் கரையும். 2 மீட்டரில் அதே பாக்ஸ் சின்னதாகிவிடும், நிழல் ஓரம் கத்தி வைத்து வெட்டியதுபோல் வரும். "சாஃப்ட்பாக்ஸ் மாட்டியும் ஷேடோ ஹார்டா விழுது" என்ற புலம்பலுக்கு அநேகமாக இதுதான் விடை. மென்மை வேண்டுமென்றால் பாக்ஸின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு தூரத்துக்குள் வையுங்கள்.

அடுத்து ஒளி சரியும் வேகம். அருகிலுள்ள கன்னம் விளக்கிலிருந்து 50 செ.மீ.யிலும் மறுகன்னம் 65 செ.மீ.யிலும் இருந்தால் கணக்குப்படி இரண்டுக்கும் முக்கால் ஸ்டாப் வித்தியாசம். 2 மீட்டரில் அந்த 15 செ.மீ. வெறும் கால் ஸ்டாப்கூட வராது. அதனால் விளக்கு கிட்டே இருந்தால் மென்மை கூடும், கூடவே முகத்தின் குறுக்கே ஒளி வேகமாகச் சரியும். இருவரை ஒன்றாக உட்காரவைக்கும்போது கவனம்: முதலாமவர் விளக்குக்கு 1 மீட்டரில், அடுத்தவர் அதற்கு 60 செ.மீ. தள்ளி என்றால், பின்னவர் ஏறத்தாழ 1.4 ஸ்டாப் இருண்டுபோவார். விளக்கை 3 மீட்டருக்குத் தள்ளினால் வித்தியாசம் அரை ஸ்டாப்புக்கு வந்துவிடும். இடம் இல்லையென்றால் பாக்ஸைத் தூரத்தில் இருப்பவரை நோக்கித் திருப்புங்கள். அருகில் இருப்பவருக்கு ஒளியின் ஓரம் மட்டும் படும்.

பின்னணியில் மாற்றம் இன்னும் பெரிது. முகத்துக்கும் பின்னணித் தாளுக்கும் 2 மீட்டர் இடைவெளி விட்டு, விளக்கை 1 மீட்டரில் வைத்தால், தாளுக்கு விளக்கு 3 மீட்டரில் இருக்கிறது. ஒன்பதில் ஒரு பங்கு ஒளிதான் கிடைக்கும், 3 ஸ்டாப்புக்குச் சற்று மேலே இறக்கம். வெள்ளைத் தாள் சாம்பலாகும், சாம்பல் தாள் கறுப்பை நெருங்கும். ஆளைத் தாளுக்கு 1 மீட்டருக்குள் தள்ளி, விளக்கை 2 மீட்டருக்குப் பின்னிழுத்தால் அதே 3 மீட்டர்தான், ஆனால் இறக்கம் 1.2 ஸ்டாப், வெள்ளை கிட்டத்தட்ட வெள்ளையாகவே நிற்கும். ஆகவே ஒரே ஒரு சாம்பல் தாள் வைத்திருப்பவருக்குப் பல பின்னணிகள் இருப்பதாக அர்த்தம்.

பளபளப்பு

நெற்றியும் மூக்கு நுனியும் மின்னினால் பலர் விளக்கைத் தள்ளி வைப்பார்கள். செய்ய வேண்டியது நேர் எதிர். தோலின் பளபளப்பு என்பது, தோல் கண்ணாடிபோல் சாஃப்ட்பாக்ஸைப் பிரதிபலிப்பது. கண்ணாடியில் தெரியும் பாக்ஸின் பிரகாசம் தூரத்தால் மாறுவதில்லை, அதன் அளவு மட்டுமே மாறும். தோலின் சொந்த நிறமோ விளக்கு கிட்டே வர வர வெளுக்கும். ஆகவே விளக்கை 2 மீட்டரிலிருந்து 1 மீட்டருக்குக் கொண்டுவந்து பவரைக் கால் பங்காக்கினால், தோல் நிறம் அப்படியே இருக்க, பளபளப்பு மட்டும் 2 ஸ்டாப் தணிந்து அகலமாகப் பரவிவிடும். முகத்தை ஒற்றித் துடைக்கும் வேலை அதற்குப் பிறகுதான். அழுத்தித் தேய்த்தால் தோல் சிவக்கும். ஒற்றி எடுத்தால் போதும்.

கருத்த தோலில் இந்தப் பிரதிபலிப்புத்தான் முகத்தின் வடிவத்தையே வரைகிறது. அதை முழுக்க ஒழித்துவிட்டால் முகம் மங்கிப்போகும். பாக்ஸைப் பெரிதாக்கி, கிட்டே வைத்து, பக்கவாட்டில் கொஞ்சம் அதிகமாகவே நகர்த்தினால் கன்னத்திலும் தாடையிலும் நீளமான, மெல்லிய பளபளப்புக் கோடுகள் கிடைக்கும். தோல் கருப்பு என்பதற்காக எக்ஸ்போஷரைக் கூட்டி வெளுக்கவைக்க வேண்டியதில்லை. கையில் ஒளிமீட்டர் இருந்தால் அதன் வெள்ளைக் குமிழைத் தாடைக்குக் கீழே பிடித்து விளக்கை நோக்கிக் காட்டி அளவெடுங்கள். அந்த மீட்டர் விழும் ஒளியை மட்டும் அளப்பதால் தோல் நிறம் எதுவானாலும் ஒரே எண் வரும். ஒளிமீட்டர் இல்லாதவர்கள், படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமையும் வெளுத்த இடம் சிமிட்டிக் காட்டும் எச்சரிக்கையையும் நம்பலாம். இருட்டறையில் கேமராத் திரை உள்ளதைவிடப் பிரகாசமாகத் தெரியும் என்பதால் திரையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

பலகையும் துணியும்

நிழல் பக்கம் மிகவும் இருண்டால் இரண்டாவது விளக்கைத் தேடாதீர்கள். தெர்மோகோல் பலகையை நிழல் பக்கக் கன்னத்துக்கு 50 செ.மீ.யில், சட்டகத்துக்கு வெளியே, சற்றே முன்பக்கமாக நிறுத்துங்கள். காதுக்குப் பின்னால் நின்றால் பயனில்லை. பலகை விளக்கைப் பார்க்க வேண்டும், கன்னத்தையும் பார்க்க வேண்டும். வெளிச்சக் கன்னத்துக்கும் நிழல் கன்னத்துக்கும் 1 ஸ்டாப் வித்தியாசம் இருந்தால் சாந்தமான முகம். 2 ஸ்டாப்பில் வடிவம் எடுப்பாகும். 3 ஸ்டாப்பில் நாடகத்தனம் வந்துவிடும். பலகையைத் தாடைக்குக் கீழே படுக்கவைத்தால் கண்ணுக்கடிக் கருமையும் கழுத்து மடிப்பும் தணியும், ஆனால் கண்ணில் கீழே இன்னொரு ஒளிப்புள்ளி தோன்றும். சிலருக்கு அது பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது.

வெள்ளைச் சுவர்கள் சூழ்ந்த சிறிய அறையில் பிரச்சினை தலைகீழ். என்ன செய்தாலும் நிழல் இருளாது, ஏனென்றால் சுவர்களெல்லாம் பலகைகளாக வேலை செய்கின்றன. நிழல் பக்கம் கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள், தாடைக்கோடு உடனே எழும். சுவர் பச்சையோ மஞ்சளோ என்றால் அந்த நிறம் நிழலில் ஏறும். அதற்கும் துணியே மருந்து.

கண்ணாடி அணிந்தவர்கள்

கண்ணாடியில் பாக்ஸ் தெரிந்தால் முதலில் விளக்கை உயர்த்துங்கள். போதவில்லையென்றால் மூக்குக்கண்ணாடியின் தண்டுகளைக் காதுக்கு மேலே ஒரு விரற்கடை தூக்கிவைக்கச் சொல்லுங்கள். வில்லை கீழ்நோக்கிச் சாயும், பிரதிபலிப்பு கேமராவுக்குக் கீழே போய்விடும். பக்கத்திலிருந்து எடுத்தால் தெரியும், நேரே எடுக்கும்போது யாருக்கும் தெரியாது. பாக்ஸ் கிட்டே இருக்கும்போது கண்ணாடியில் பெரிதாகத் தெரியும் என்பதால், இங்கே மட்டும் ஒரு முடிச்சு தள்ளிப்போவதில் தவறில்லை.

உட்காரவைத்தல்

தோளை விளக்குக்கு எதிர்ப்புறமாக 30 பாகை திருப்பி, முகத்தை மட்டும் விளக்கின் பக்கம் கொண்டுவரச் சொல்லுங்கள். "தலையை நிமிர்த்துங்க" என்றால் எல்லோரும் மூக்கைத் தூக்குவார்கள், மூக்குத் துவாரம்தான் தெரியும். "நெற்றியைக் கேமரா பக்கம் கொஞ்சம் கொண்டுவாங்க" என்று சொல்லிப் பாருங்கள். கழுத்து நீளும், தாடைக்கோடு தெளியும். உட்கார்ந்திருப்பவருக்கு அது அசௌகரியமாக இருக்கும்; படத்தில் இயல்பாகத்தான் வரும். ஆள் இப்படி முன்னால் வந்ததும் நூலை மறுபடி பிடித்துப் பாருங்கள். 70 செ.மீ. முடிச்சில் வேலை செய்யும்போது 10 செ.மீ. முன்னால் வந்தாலே கிட்டத்தட்ட அரை ஸ்டாப் மாறிவிடும். ஃபோகஸ் எப்போதும் கேமராவுக்கு அருகிலுள்ள கண்ணில்.

தலைமுடி விளக்கு

கறுப்பு முடி கறுப்புப் பின்னணியில் கரைந்துபோனால் மட்டும் இரண்டாவது விளக்கு. பின்பக்கம், மேலே, முதன்மை விளக்குக்கு எதிர்மூலையில், கிரிட் (ஒளி பரவாமல் தடுக்கும் தேன்கூடு போன்ற வலை) மாட்டி வையுங்கள். கறுப்பு முடி ஒளியை விழுங்கும் என்பதால் முதன்மை விளக்குக்குச் சமமாகவே தொடங்கலாம். நரைத்த தலைக்கும் வழுக்கைக்கும் 1 முதல் 2 ஸ்டாப் குறைவாக. மூக்கு நுனியில் தனியாக ஒரு வெள்ளைப் புள்ளி வந்தால் விளக்கு அதிகம் முன்னால் வந்துவிட்டது. படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளிறினால் அது நேரே லென்ஸில் விழுகிறது. லென்ஸ் ஹூட் போட்டும் அடங்கவில்லையென்றால், விளக்குக்கும் லென்ஸுக்கும் நடுவே ஒரு கறுப்பு அட்டையைப் பிடியுங்கள்.

எங்கே தவறுகிறது

நான்கு படம் சரி, ஐந்தாவது இருட்டு என்றால் ஃபிளாஷ் சார்ஜ் ஆகும் முன் அடித்திருக்கிறீர்கள். தயார் என்று அது ஒலிக்கும் வரை பொறுங்கள், அல்லது ஐஎஸ்ஓவை 200 ஆக்கிப் பவரைப் பாதியாக்குங்கள். சீக்கிரம் சார்ஜ் ஆகும். ஃபிளாஷ் பழுதானால் அதன் உறையைத் திறக்க வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளிருக்கும் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம்.

நிறம் படத்துக்குப் படம் மாறினால் வொயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருக்கும். 5500 கெல்வினில் நிறுத்திவையுங்கள். முதல் படத்தில் முகத்தருகே சாம்பல் அட்டை ஒன்றைப் பிடிக்கச் சொல்லி எடுத்தால், சாஃப்ட்பாக்ஸ் துணி பழசாகி மஞ்சளேறியிருந்தாலும் பின்னால் ஒரே சொடுக்கில் சரியாகும்.

வேலை முடிந்ததும் விளக்கை உடனே கழற்றாதீர்கள். நாலடி பின்னால் போய், ஸ்டாண்ட், பலகை, ஸ்டூல், தாள் எல்லாம் தெரிய செல்போனில் ஒரு படம். எந்த முடிச்சு, என்ன பவர், என்ன அப்பர்ச்சர் என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஸ்டூல்மேல் வைத்தே அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். அதே ஆள் ஆறு மாதம் கழித்து, "அதே மாதிரி இன்னொண்ணு வேணும்" என்று வரும்போது தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.